நான்கு ஆசிரியர், பத்து நோட்டு: சேர்ந்து கற்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். சுற்றியுள்ள நான்கைந்து பள்ளிகளின் ஆசிரியர்கள் சிலரும் நானும் ஏழு ஆண்டுகளாக மாதம் ஒரு முறை கூடிப் பிள்ளைகளின் நோட்டுகளை வைத்துப் பேசிவருகிறோம். இதைக் கேள்விப்பட்டவர்கள் கேட்ட கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். சிலர் ஆர்வத்தில் கேட்டார்கள், சிலர் சந்தேகத்தில். ஒன்றிரண்டு பேர் கிண்டலாகவும் கேட்டார்கள்.

கூடி உட்கார்ந்து என்னதான் செய்கிறீர்கள்?

முதல் ஆண்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான்காம் வகுப்பில் எண்களை வாயால் சொல்லி எழுதச் சொன்னேன். ‘தொள்ளாயிரத்து ஐந்து’ என்றதும் கிட்டத்தட்டப் பாதி வகுப்பு 9005 என்று எழுதியது. இடமதிப்பு புரியவில்லை என்று நானே முடிவுகட்டிக்கொண்டு, மணிச்சட்டத்தை எடுத்து வந்து ஒரு வாரம் மறுபடி நடத்தினேன். அடுத்த வாரமும் 9005 தான்.

நோட்டுகளைக் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். பக்கத்து ஊர்ப் பள்ளியின் தமிழாசிரியை ஒருவர் புரட்டிக்கொண்டே வந்தவர், “டீச்சர், இதே பையன் எண்ணூற்று ஐந்தை 805 என்று சரியாகத்தானே எழுதியிருக்கிறான்?” என்றார். பார்த்தால், ஆமாம். எழுநூறும் சரி, அறுநூறும் சரி. தடுக்கி விழுந்தது ஒன்பதில் மட்டும். தொள்ளாயிரம் என்ற சொல்லுக்குள் ஆயிரம் உட்கார்ந்திருக்கிறது. தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு உட்கார்ந்திருக்கிறது. பிள்ளை காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறான். கணக்கு டீச்சராகிய எனக்கு அது இடமதிப்புப் பிழை. தமிழ் டீச்சருக்கு அது ஒரு சொல்லின் வேலை. மறுநாள் எழுநூறு, எண்ணூறு, அடுத்து என்ன என்று ஒரு கோட்டில் எழுதி, ‘ஒன்பது நூறுகளுக்குத் தமிழ் வைத்திருக்கும் பெயர் தொள்ளாயிரம்’ என்று சொல்லிப் பெயரையும் எண்ணையும் ஒன்றாகப் பழக்கினேன். இரண்டே பாடவேளையில் சரியாகிவிட்டது.

இதைத்தான் செய்கிறோம். பிள்ளை எழுதியதை நடுவில் வைத்து, ஏன் இப்படி எழுதினான் என்று பேசுகிறோம்.

குறுவள மையக் கூட்டம் ஏற்கெனவே இருக்கிறதே. இது எதற்கு இன்னொன்று?

குறுவள மையக் கூட்டத்தை, அதாவது பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்களைச் சேர்த்து அரசு நடத்தும் பயிற்சிக் கூட்டத்தை, குறைசொல்ல மாட்டேன். எங்கள் குழுவில் பாதிப் பேர் அங்கேதான் அறிமுகமானார்கள். ஆனால் அங்கே நடப்பது பெரும்பாலும் மேலிருந்து கீழே வரும் பயிற்சி. மாநில அளவில் முதன்மைக் கருத்தாளர்கள், அதாவது மற்றவர்களுக்குப் பயிற்சி தரப்போகிறவர்கள், முதலில் பயிற்சி பெறுகிறார்கள். அவர்கள் மாவட்டத்துக்கு, மாவட்டம் வட்டார வள மையத்துக்கு, அங்கிருந்து குறுவள மையத்துக்கு. மேலூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெரியாற்றுப் பாசனத்தில் கடைமடை நாங்கள். மதகில் எவ்வளவு திறந்தார்கள் என்பது செய்தித்தாளில் வரும். எங்கள் வயலுக்கு எவ்வளவு வந்தது என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

ஆசிரியர்கள் தங்கள் ஊர்ச் சூழலை ஒட்டிக் கற்க வேண்டும் என்ற எண்ணம் அரசுக்கும் புதிதல்ல. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைதான் மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் வேண்டும் என்றது. நம் மாவட்டத்துக்கு அது டி.கல்லுப்பட்டியில் இருக்கிறது. ஆனால் மாவட்டம் என்பதே பெரிய அளவு: 13 ஊராட்சி ஒன்றியங்கள், அது போக மாநகராட்சிப் பள்ளிகள், உசிலம்பட்டிப் பக்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். கொட்டாம்பட்டியில் ஒரு பிள்ளை தடுமாறும் இடத்தை, மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கும் சேடப்பட்டியையும் சேர்த்து மனத்தில் வைத்து எழுதிய கையேடு பிடித்துவிட முடியாது.

இன்னொரு பழைய கதையும் உண்டு. பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியபோது, ஆசிரியர்கள் ஆந்திராவில் உள்ள ரிஷிவேலிப் பள்ளிக்குப் போய்ப் பார்த்து வந்து, கூடிப் பேசி, கற்றல் அட்டைகளைத் தாங்களே உருவாக்கினார்கள். சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் அட்டைகள் வந்து சேர்ந்தன. அவற்றை உருவாக்கும்போது நடந்த பேச்சு அட்டைப் பெட்டியில் வரவில்லை. பலருக்கு அது ‘மேலே இருந்து வந்த அட்டை’ ஆகிப்போனதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். தொடக்க வகுப்புகளின் அடிப்படைக் கற்றலுக்காக 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் கையேட்டையும் நாங்கள் கூட்டத்தில் வைத்துப் பேசிவிட்டுத்தான் வகுப்புக்கு எடுத்துப் போகிறோம். கையேடு நல்ல கையேடுதான். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பக்கம் என்பதை நாங்கள்தானே முடிவுசெய்ய வேண்டும்.

எத்தனை பேர் இருந்தால் தொடங்கலாம்?

மூன்று. ஆறுக்கு மேல் போனால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். பத்துப் பேர் கூடினால் இருவர் பேசுவார்கள், மற்றவர்கள் அலைபேசியைப் பார்ப்பார்கள்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. எங்களுக்கு இது ஆகுமா?

உண்மையில் உங்களுக்குத்தான் அதிகம் தேவை. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். ஒருவர் விடுப்பு எடுத்தால் மற்றவர் பள்ளி முழுவதையும் பார்க்க வேண்டும். பாடத்தைப் பற்றிப் பேச அங்கே ஆள் ஏது? எங்கள் குழுவில் இப்படி இரண்டு பள்ளிகள் இருக்கின்றன. ஒரே பஸ் தடத்தில் இருக்கும் பள்ளிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. கல்வி நிர்வாக வரைபடத்தைவிட மாலை 6 மணிப் பஸ் எந்த வழியாகப் போகிறது என்பது முக்கியம். பஸ்ஸைத் தவறவிட்டு ஒருமுறை இருட்டில் நின்றவர் அடுத்த மாதம் வர மாட்டார்.

நேரம் எங்கே இருக்கிறது? பள்ளி விவரங்களை எமிஸ் இணையதளத்தில் பதிவு செய்யவே பொழுது போதவில்லை.

இந்தக் கேள்விக்கு இனிப்பான பதில் கிடையாது. வருகைப் பதிவு, விலையில்லாப் பொருள்கள், உதவித்தொகை, காலை உணவு, மதிய உணவு, தேர்தல் நேரத்தில் வாக்காளர் பட்டியல் என்று வேலை குவிகிறது. ‘மனமிருந்தால் நேரம் கிடைக்கும்’ என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு வாரம் ஈராசிரியர் பள்ளியில் இருந்து பார்க்க வேண்டும்.

நாங்கள் செய்தது சிறிய ஏற்பாடு. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி விட்டபின் ஒன்றேகால் மணி நேரம். கடிகாரம் பார்த்து முடிப்போம். ஏப்ரலில் ஆண்டுத் தேர்வும் சித்திரைத் திருவிழாவும் வரும்; கூட்டம் வைப்பதில்லை. ஆண்டுக்கு எட்டு முறை கூடினாலே எனக்கு மகிழ்ச்சி. பள்ளிக்குள் இருப்பவர்கள் பாடவேளை அட்டவணை போடும்போதே இருவருக்கு வாரத்தில் ஒரு பாடவேளை ஒன்றாக ஓய்வு வரும்படி தலைமை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். ஜூனில் கேட்டால் கிடைக்கும். ஆகஸ்டில் கேட்டால் கிடைக்காது.

ஒருவர் வகுப்பை மற்றவர் பார்ப்பது என்றாலே பயமாக இருக்கிறது.

இருக்கத்தான் செய்யும். வகுப்பின் பின்னால் யாராவது நாற்காலி போட்டு உட்கார்ந்தால் நமக்கு வரும் ஒரே நினைவு ஆய்வு. பாடக்குறிப்பு எங்கே, பதிவேடு எங்கே, கரும்பலகையில் தேதி எங்கே. பணிக்கு வந்த மூன்றாம் ஆண்டில் ஓர் அலுவலர் பிள்ளைகள் முன்னாலேயே என் கையெழுத்தைப் பற்றிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதன்பின் பல ஆண்டுகள் யார் வகுப்பு வாசலில் நின்றாலும் என் குரல் மாறிவிடும்.

ஆகவே எங்கள் குழுவில் இரண்டு ஆண்டுகள் யாரும் யார் வகுப்புக்கும் போகவில்லை. நோட்டுகள் மட்டும்தான் பயணம் செய்தன. மூன்றாம் ஆண்டு போகத் தொடங்கியபோது உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஆசிரியர் ஒரு வழி சொன்னார். அவர்கள் ஊரில் விசேஷங்களுக்குச் செய்முறை வைத்தால் நோட்டில் எழுதி, திருப்பிச் செய்தே ஆக வேண்டும். அதே கணக்கு இங்கேயும். இன்று நீங்கள் என் வகுப்புக்கு வந்தால் இந்தப் பருவத்துக்குள் நான் உங்கள் வகுப்புக்கு வர வேண்டும். பார்க்க மட்டும் வருகிறவர், தன் வகுப்பைக் காட்டாதவர் என்று யாருமே இல்லை என்றானதும் பயத்தில் பாதி போய்விட்டது.

மீதிப் பாதி போனது எதைப் பார்க்கிறோம் என்பதை மாற்றியதால். இறையனார் களவியல் என்ற அகப்பொருள் இலக்கண நூலுக்கு உரை கண்ட கதை மதுரைக்காரர்கள் அறிந்ததுதான். புலவர்கள் எழுதிய உரைகளில் எது மெய்யுரை என்று முடிவாகாமல், வாய் பேசாத ஐந்து வயது உருத்திரசன்மனை உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டினார்களாம். மருதனிளநாகனார் உரைக்கு ஆங்காங்கே அவனுக்குக் கண்ணீர் வந்தது. நக்கீரர் உரைக்குச் சொல்தோறும் வந்தது. கதையின் மற்றச் செய்திகளை ஆராய்ச்சியாளர்களிடம் விட்டுவிடுகிறேன். சங்கத்துப் புலவர்கள் அன்று பார்த்தது உரை சொன்னவர் முகத்தை அன்று, பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையின் முகத்தை என்பது மட்டும் எனக்குப் போதும்.

எங்கள் வழக்கமும் அதுதான். பார்க்க வருகிறவர் இரண்டு பிள்ளைகளைத் தேர்ந்துகொண்டு அவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர்கள் செய்ததை, சொன்னதை, எழுதியதை, அழித்ததை மட்டும் குறிக்க வேண்டும். ஆசிரியரைப் பற்றி ஒரு வரியும் எழுதக் கூடாது. பிறகு பேசும்போது பாடம் நடத்தியவர்தான் முதலில் பேசுவார்.

ஒருமுறை என் ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் குறித்தது: ‘சரியான விடையை எழுதினாள். முதல் பெஞ்சுப் பையன் வேறு விடையைச் சத்தமாகச் சொன்னான். அழித்துவிட்டு அவன் சொன்னதை எழுதினாள்.’ அந்த நேரத்தில் நான் பலகைப் பக்கம் நின்று, வகுப்பு உற்சாகமாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது என் வகுப்பில் எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எழுதியதை அழிக்கவும் கூடாது, அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதலாம்.

ஜப்பானியர்கள் செய்யும் பாட ஆய்வு என்பது இதுதானா?

உறவு முறைதான். அவர்கள் அதை ‘ஜுகியோ கென்க்யூ’ என்கிறார்கள். மெய்ஜி காலத்திலிருந்து, அதாவது நூறாண்டுக்கும் மேலாக, அங்கே வழக்கத்தில் இருக்கிறது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் திட்டமிடுவார்கள். பிள்ளைகள் என்ன விடை சொல்லக்கூடும், எந்தத் தவறு வரும் என்பதுவரை முன்கூட்டியே எழுதிவைப்பார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பிள்ளைகளைப் பார்ப்பார்கள், பிறகு உட்கார்ந்து பேசுவார்கள்; சில நேரம் திருத்திய பாடத்தை இன்னொரு வகுப்பில் மறுபடி நடத்துவதும் உண்டு. பாடம் பொதுச் சொத்து ஆகிவிடுவதால் நடத்தியவர் மீது பழி விழுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த கூறு இது.

நாங்கள் இதை ஆண்டுக்கு ஒரு முறைதான் செய்கிறோம், பின்னப் பாடத்துக்கு. அதற்கு மேல் எங்களால் முடியவில்லை.

பணிமூப்பு மிக்கவர் ஒருவர் இருந்தால் அவர்தான் பேசுகிறார். எப்படிச் சமாளிப்பது?

எங்கள் பக்கத்தில் பெரியவரை இடைமறிக்க முடியாது; முயலவும் வேண்டாம். வரிசை முறை வையுங்கள்: பணியில் இளையவர் முதலில், மூத்தவர் கடைசியில். ‘நீங்கள் முடித்துவைத்தால் நன்றாக இருக்கும் சார்’ என்று மரியாதையாகவே சொல்லலாம்.

ஆனால் பெரியவர்களைப் பேச்சுத் தொல்லையாக மட்டும் பார்த்துவிடாதீர்கள். பின்னப் பாடத்தில் பிள்ளைகள் எட்டில் ஒன்றுதான் நான்கில் ஒன்றைவிடப் பெரியது என்பார்கள். எட்டு நான்கைவிடப் பெரியதல்லவா? காகிதத்தை மடித்துக் காட்டு, ரொட்டியைப் பங்கிடு என்று இளையவர்கள் எல்லோரும் சொல்லி முடித்தோம். ஓய்வுபெற ஓராண்டு இருந்த ஓர் ஆசிரியர் கடைசியாக, “அரைக்கால் என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைச் சொல்லிக்கொடுப்பதில்லையா?” என்று கேட்டார். அரையில் பாதி கால். காலில் பாதி அரைக்கால், அதுதான் எட்டில் ஒன்று. அதிலும் பாதி மாகாணி, பதினாறில் ஒன்று. பெயரிலேயே ‘பாதியாகிவிட்டேன்’ என்று சொல்லும் பின்னத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் ரொட்டியைத் தேடிக்கொண்டிருந்தோம். கால் கிலோ தக்காளி வாங்கிப் பழகிய பிள்ளைக்கு அரைக்கால் ஒரு நிமிட வேலை.

தலைமை ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?

அட்டவணையில் இடம் தர வேண்டும், மாதம் ஒருமுறை தேநீருக்கு வழி செய்ய வேண்டும், அழைத்தால் மட்டும் வர வேண்டும். வந்தால் தன் வகுப்பு நோட்டோடு வர வேண்டும்.

எல்லோரும் கட்டாயம் கூட வேண்டும், கூடிய விவரத்தை எழுதித் தர வேண்டும் என்று உத்தரவிட்டால் கூட்டம் நடக்கும், கற்றல் நடக்காது. கல்வி ஆய்வாளர் ஆண்டி ஹார்கிரீவ்ஸ் இதை மேலிருந்து செயற்கையாகக் கட்டிவைத்த கூட்டுறவு என்று குறைசொல்லியிருக்கிறார். நம் ஊரில் கையெழுத்துக்காகக் கூடுவது என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, அது போதாதா?

சுற்றறிக்கையும் பிறந்தநாள் வாழ்த்தும் அனுப்பப் போதும். தன் வகுப்பில் பாதிப் பேர் தவறு செய்தார்கள் என்று நூறு பேர் இருக்கும் குழுவில் யார் எழுதுவார்கள்?

இதனால் பயன் உண்டு என்று ஆய்வு ஏதும் சொல்கிறதா?

அமெரிக்காவில் ஜூடித் வாரன் லிட்டில் ஆறு பள்ளிகளை ஆராய்ந்து 1982-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. வெற்றிகரமான பள்ளிகளில் அவர் கண்டது நான்கு பழக்கங்கள். பாடம் நடத்துவதைப் பற்றி ஆசிரியர்கள் அடிக்கடியும் துல்லியமாகவும் பேசினார்கள்; ஒருவர் வகுப்பை ஒருவர் பார்த்தார்கள்; பாடத்தையும் கருவிகளையும் சேர்ந்து தயாரித்தார்கள்; ஒருவருக்கொருவர் கற்பித்தார்கள். இதில் ‘துல்லியமாக’ என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொள்வேன். ‘பிள்ளைகளுக்கு அடிப்படையே இல்லை’ என்பதும் பேச்சுத்தான். ஓய்வறையில் இருபது ஆண்டுகளாகக் கேட்கிறேன், அதனால் ஒரு கழித்தல் கணக்குக்கூடச் சரியாகவில்லை. ‘52-இல் 38 போக 26 என்று எழுதுகிறான், ஏனென்றால் எந்தத் தானத்திலும் பெரிய இலக்கத்திலிருந்தே சிறியதைக் கழிக்கிறான்’ என்று ஒருவர் சொன்னால் அடுத்தவருக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது.

நன்னூல் இதற்கு வெகுகாலம் முன்பே கணக்குப் போட்டுவைத்திருக்கிறது: ஆசான் சொன்னதை நன்றாகக் கொண்டாலும் காற்பங்குதான்; உடன் பயில்வாரோடு பழகினால் இன்னொரு கால்; பிறருக்கு எடுத்துரைக்கும்போது மீதி அரை. பயிற்சி வகுப்புகளுக்குக் காற்பங்குக்கு மேல் மரியாதை தர வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஓர் இலக்கணச் சான்று இருக்கிறது.

சான்றிதழ் உண்டா? பயிற்சி நேரமாகக் கணக்கில் வருமா?

இல்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சி வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. மாநிலத்துக்கென்று தனியே பயிற்சிகள் நடக்கின்றன. இரண்டிலும் எங்கள் வெள்ளிக்கிழமை சேராது. சேர்க்கச் சொல்லிக் கேட்கலாமே என்று குழுவில் சிலர் சொல்வார்கள். எனக்கு விருப்பமில்லை. கணக்கில் சேர்ந்த நாளே படிவமும் சேர்ந்து வரும்.

தோற்றுப்போனதுண்டா?

இரண்டு முறை. முதலாவது, பாடக்குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று தொடங்கியது. மூன்றே மாதத்தில் ஒருவர் எழுதினார், மற்றவர்கள் பார்த்து எழுதினோம். யாருக்கும் எதுவும் கற்றாகவில்லை, கையெழுத்துப் பயிற்சி ஆனது. நிறுத்திவிட்டோம்.

இரண்டாவது கொஞ்சம் வலித்தது. எங்கள் முயற்சியைக் கேள்விப்பட்டு ஓர் அலுவலர் மனதாரப் பாராட்டினார். பாராட்டோடு மாதம் நான்கு புகைப்படமும் ஓர் அறிக்கையும் கேட்டார். அதன்பின் கூட்டத்தில் நல்ல நோட்டுகள் மட்டும் வரத் தொடங்கின. புகைப்படத்தில் விழப் போகிற நோட்டு அழகாக இருக்க வேண்டாமா? தவறு இல்லாத நோட்டை வைத்துப் பேச என்ன இருக்கிறது. வெயில் காலம் வந்தது, கூட்டம் தானாக நின்றது. ஆறு மாதம் கழித்து நால்வர் மட்டும், யாருக்கும் சொல்லாமல், ஒருவர் வீட்டுத் திண்ணையில் மறுபடி தொடங்கினோம்.

இடமாறுதல் கலந்தாய்வில் ஆள் மாறிப் போனால் குழு கலைந்துவிடாதா?

மாறிப் போவார்கள். எங்களில் இருவர் இப்போது வாடிப்பட்டிப் பக்கமும் திருமங்கலம் பக்கமும் இருக்கிறார்கள். ஒருவர் அங்கே மூன்று பேரைச் சேர்த்திருக்கிறார். மற்றவருக்கு இன்னும் அமையவில்லை. கைமாற்றிக் கொடுக்க எங்களிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. எந்தத் தவறு, ஏன் வந்தது என்று தோன்றியது, என்ன செய்தோம், மாறியதா இல்லையா: இவ்வளவுதான் அதில் எழுதுவோம். ‘மாறவில்லை’ என்ற பதிவுகள்தான் அதிகம். புதிதாகச் சேர்ந்தவர் அதை ஒரு மாலையில் படித்துவிடலாம்.

தேர்ச்சி விகிதம் கூடுமா?

எங்கள் பிள்ளைகள் 905-ஐச் சரியாக எழுதுகிறார்கள். விகிதத்தைப் பற்றி என்னால் உறுதி தர முடியாது.

முதல் கூட்டத்துக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

ஒரே வகுப்பின் பத்து நோட்டுகள். நன்றாக எழுதுபவர்களுடையதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அடுக்கிலிருந்து கைக்கு வருவதை எடுங்கள். திருத்தாமல் கொண்டுவாருங்கள், சிவப்பு மையைப் பார்த்ததும் நம் கண் பிள்ளை எழுதியதைப் பார்ப்பதில்லை. பேச ஒரே ஒரு கேள்வி. பருத்திப்பால் வாங்க ஒரு தூக்குவாளி. ஐந்தே முக்காலுக்கு முடித்துவிடுங்கள், ஆறு மணிப் பஸ் இருக்கிறது.